சிங் காலச் சீனாவில் வட்ட அதிகாரியின் பதவி வாழ்க்கை: முதல் சார்ஜ் முதல் மூன்றாண்டு மதிப்பீடு வரை

நீலவானம்:
சிங் ஆட்சியில் சுமார் 1,300 ஷியான்கள், அதாவது வட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் தலைமை அதிகாரி ஜிஷியான். வரி வசூல், வழக்கு விசாரணை, பிரேத விசாரணை, கொள்ளையரைப் பிடிப்பது, களஞ்சியம், பள்ளித் தேர்வு எல்லாம் அந்த ஒருவர் தலையில்தான். ஒன்பது படிநிலைகளில் அவர் இருப்பது ஏழாவது. தேர்வுக்காகவே பாதி வாழ்நாளைச் செலவழித்து இந்தப் பதவிக்கு வந்தவர்களில் பலர், வந்த ஓரிரு ஆண்டுகளில் கடனாளியாகவோ தண்டனை பெற்றவராகவோ ஆகிவிடுகிறார்கள். ஆண்டுக்கு 45 லியாங் வெள்ளிதான் சம்பளம், அதனால்தான் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது மட்டுமே காரணமாக எனக்குப் படவில்லை. உண்மையில் எந்த இடத்தில் சறுக்கினார்கள்? அதே ஏணியில் ஏறி ஆளுநரானவர்கள் எப்படித் தப்பினார்கள்?

பழங்கணக்கு:
45 லியாங் என்பது ஏட்டுச் சம்பளம் (ஒரு லியாங் சுமார் 37 கிராம்). யோங்செங் பேரரசர் 1724-இல் கொண்டுவந்த சீர்திருத்தத்துக்குப் பிறகு அதை மட்டும் வைத்துப் பேசுவது தவறு. மக்கள் கிஸ்தியாகக் கட்டும் சில்லறை வெள்ளியை உருக்கிக் கட்டியாக்கும்போது எடை குறையும். அந்தச் சேதாரத்தை ஈடுகட்ட என்று வரிக்கு மேல் ஒரு தொகை வசூலித்து, உண்மைச் சேதாரம் போக மிச்சத்தை அதிகாரிகளே எடுத்துக்கொண்டு வந்தார்கள். யோங்செங் அதைச் சட்டபூர்வமாக்கி மாகாணக் கஜானாவுக்குக் கொண்டுபோனார். அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் 'நேர்மை வளர்க்கும் வெள்ளி' (யாங்லியான்) கொடுக்கச் செய்தார். ஜிஷியானுக்கு இது இடத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 400 முதல் 2,259 லியாங் வரை.

இது பெரிய தொகையாகத் தெரியும். செலவைப் பாருங்கள். தேர்வுக்குப் படித்தவருக்குச் சட்டமும் தெரியாது, கணக்கும் தெரியாது. சட்டத்துக்கு ஒருவர், வரிக் கணக்குக்கு ஒருவர் என்று தனி ஆலோசகர்களை (முயோ) வைத்துக்கொண்டே ஆக வேண்டும். அரசு அவர்களுக்குக் காசு தராது. ஜிஷியான்தான் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். ஷாவோசிங் பகுதியைச் சேர்ந்த வாங் ஹுய்சூ (1730–1807) முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலை பார்த்தவர். பின்னர் தானே ஹுனானில் நிங்யுவான் வட்டத்தின் ஜிஷியானாக இருந்தார். அவர் தரும் கணக்குப்படி, அவர் இத்தொழிலுக்கு வந்த காலத்தில் சட்ட ஆலோசகருக்கு 260 லியாங், வரி ஆலோசகருக்கு 220 லியாங் என்பதே மிக நல்ல ஊதியம். 1784–85 வாக்கில் அது 800 வரை போய்விட்டது. யாங்லியான் தொகையோ ஒரு முறை நிர்ணயித்ததோடு சரி. 800 லியாங் யாங்லியான் உள்ள வட்டத்தில் நல்ல ஆலோசகர் ஒருவரை வைத்தாலே பணம் தீர்ந்துவிடும்.

அப்படியானால் எப்படித்தான் ஓடியது? மாமூலில். இது நம் மொழியில் தயாராக இருக்கும் சொல், சீனத்தில் 'லோகுய்' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. மேலதிகாரிக்குப் பண்டிகைக் காசு, அவர் வாயில்காப்போனுக்கு ஒரு காசு, மனு பதிவுக்கு ஒரு காசு என்று எல்லாவற்றுக்கும் ஊர் வழக்கப்படி விலை உண்டு. வருகிற பக்கத்திலும் மாமூல், போகிற பக்கத்திலும் மாமூல்.

கீழ்த்திசை:
பழங்கணக்கு சொன்னதற்கு முன்பே தொடங்கும் ஒரு செலவு இருக்கிறது. பதவிக்குப் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே கடன் விழுந்துவிடும்.

பணி நியமனம் பெய்ஜிங்கில் லீபூ அமைச்சகத்தில் மாதாமாதம் சீட்டுக் குலுக்கி நடக்கும். இது மிங் காலத்தில் 1594-இல் வந்த முறை. சிபாரிசைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. சொந்த மாகாணத்தில் பதவி கிடையாது. வேறு மாகாணமாக இருந்தாலும் வீட்டிலிருந்து 500 லீ, அதாவது சுமார் 290 கிலோமீட்டருக்குள் வந்தால் அதுவும் கூடாது. நெருங்கிய உறவினர் மேலதிகாரியாக இருந்தால் கீழே இருப்பவர் விலக வேண்டும். ஆகவே சீட்டு எங்கு விழுந்தாலும் நெடும் பயணம்தான். மொழியும் புரியாது. ஃபூஜியானிலோ குவாங்டோங்கிலோ போய் உட்காரும் வடநாட்டுக்காரருக்கு வாதி சொல்வதை எழுத்தர்தான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். வழக்கின் திசை அந்த எழுத்தர் வாயில் இருக்கிறது.

தலைநகரில் காத்திருக்கும் செலவு, பயணம், உடன் அழைத்துப் போகும் வேலையாட்கள், முதல் மாதச் செலவு எல்லாவற்றுக்கும் கைக்காசு இல்லாதவர் பெய்ஜிங் வட்டிக்கடைக்காரர்களிடம் போவார். இதற்கே 'தலைநகர்க் கடன்' என்று பெயர் உண்டு. பத்திரத்தில் எழுதும் தொகை ஒன்று, கையில் தருவது அதைவிடக் குறைவு. வட்டி எழுதிய தொகைக்கு. கடன் கொடுத்தவரின் ஆள் சில சமயம் கூடவே வட்டம் வரை வந்து அலுவலகத்தில் வேலையாளாக உட்கார்ந்துவிடுவான்.

இன்னொன்று. எல்லா வட்டமும் ஒன்றல்ல. யோங்செங் காலத்தில் ஒவ்வொரு பதவிக்கும் நான்கு எழுத்துகளால் தரம் குறித்தார்கள்: சோங் (பெருவழிச் சந்திப்பு), ஃபான் (வேலைப்பளு), பீ (தீராத வரி பாக்கி), நான் (அடங்காத மக்கள்). நான்கும் இருந்தால் மிக முக்கியம், மூன்று என்றால் முக்கியம், இரண்டு நடுத்தரம், ஒன்று மட்டும் இருந்தாலோ எதுவுமே இல்லாவிட்டாலோ எளிது. மூன்று, நான்கு எழுத்துப் பதவிகளுக்குப் பொதுவாக ஆளுநரே அனுபவமுள்ளவரைப் பெயர் சொல்லி நியமிப்பார். சீட்டில் விழுவது பெரும்பாலும் ஒன்று, இரண்டு எழுத்து வட்டங்கள். இந்தத் திட்டத்தை முன்மொழிந்தவர் குவாங்சி மாகாண நிதி ஆணையராக இருந்த ஜின் ஹோங். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

ஏட்டுச்சுவடி:
நீலவானம் கேட்ட "எந்த இடத்தில் சறுக்கினார்கள்" என்பதற்கு என் பதில்: சார்ஜ் எடுக்கும் முதல் இரண்டு மாதங்களில். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வந்த அன்று கைக்கு வருவது முத்திரை. 2 சுன் 1 ஃபென் சதுரச் செம்பு, சுமார் 6.7 சென்டிமீட்டர், மஞ்சுவிலும் சீனத்திலும் எழுத்து வெட்டியது. அதை வாங்கிய கணத்திலிருந்து அதிகாரம் அவருடையது. ஆனால் கஜானாவும் களஞ்சியமும் அன்றே அவர் பொறுப்பில் வந்துவிடாது. இரண்டு மாதக் கெடு உண்டு. அதற்குள் முன்னவர் நான்கு தூண் ஏட்டை ஒப்படைக்க வேண்டும்: முன்னிருப்பு, புது வரவு, செலவு, கையிருப்பு. புதியவர் எண்ணி, அளந்து, பற்றாக்குறை இல்லை என்று உறுதிச் சீட்டு எழுதித் தர வேண்டும். மேலிருந்து அனுப்பப்பட்ட ஓர் அதிகாரி அருகில் நின்று பார்ப்பார்.

அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஏட்டில் இருந்து கஜானாவில் இல்லாத ஒவ்வொரு லியாங்கும் புதியவரின் கடன். போட மறுத்தால் முன்னவர் மீது குற்றச்சாட்டு போகும், கூடவே அவரைக் கண்காணிக்கத் தவறிய ஃபூ (பல வட்டங்களுக்கு மேலான நிர்வாகப் பிரிவு) அதிகாரியும் மாட்டுவார். ஆகையால் ஃபூ அதிகாரியே புதியவரை அழைத்து, 'வாங்கிக்கொள்ளுங்கள், மெல்ல மெல்ல நிரப்பலாம்' என்பார். சட்டப்படி அப்படி வற்புறுத்தியது தெரிந்தால் அவரும் ஈடுகட்ட வேண்டும். ஆனால் மூன்றாண்டு மதிப்பீட்டு அறிக்கையைத் தொடங்கி வைப்பவரும் அதே ஃபூ அதிகாரிதான். எதிர்க்கத் துணிபவர் எத்தனை பேர்?

எப்படி மறைப்பார்கள் என்பதும் தெரிந்ததுதான். வெள்ளிக்குப் பதிலாகக் கடன் சீட்டு வைப்பது. பாலம், மதில் பழுதுபார்க்கச் செலவானதாக, இன்னும் மேலிடம் ஒப்புக்கொள்ளாத தொகையைச் 'செலவு' தூணில் எழுதுவது. மக்கள் கட்டிவிட்ட வரியை 'மக்கள் பாக்கி' என்று காட்டுவது. இந்தக் கடைசி வழிதான் மோசம். புதியவர் அதை நம்பி வசூலுக்குப் போனால் ஊரார் ரசீதைக் காட்டுவார்கள்.

தானியம் இன்னும் சிக்கலானது. வைத்தால் மக்கும் என்பதால் ஆண்டுதோறும் பத்தில் மூன்று பங்கை வசந்தத்தில் விற்று, அறுவடைக்குப் பின் வாங்கி நிரப்ப வேண்டும், ஏழு பங்கு இருப்பில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. கோடையில் சார்ஜ் எடுப்பவருக்கு மூன்று பங்கு தானியம் வெள்ளியாக வரும். விற்ற விலை ஒன்று, இலையுதிர் காலத்தில் வாங்கும் விலை வேறு. அறுவடை பொய்த்தால் வித்தியாசம் முழுவதும் புதியவர் தலையில். இதைக் கணக்கில் எடுக்காமல் சீட்டு எழுதியவர்கள் நேர்மையாக இருந்தும் கடனாளி ஆனார்கள்.

நீலவானம்:
இது எனக்குப் புதிது. அப்படியானால் வரி ஆலோசகரை வட்டத்துக்கு வந்தபின் தேடாமல், வரும்போதே அழைத்து வர வேண்டும் போலிருக்கிறது. ஒரு கேள்வி: அந்த ரசீது எப்படிப்பட்டது? எழுத்தர் அதில் கை வைக்க முடியாதா?

ஏட்டுச்சுவடி:
ஆமாம், ஆலோசகர் முதல் நாளே பக்கத்தில் இருக்க வேண்டும். ரசீது மூன்று துண்டு கொண்டது, துண்டுகளுக்கு நடுவே முத்திரை பதியும். ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று வசூல் எழுத்தருக்கு, ஒன்று வரி கட்டியவருக்கு. முன்பு இரண்டு துண்டாக இருந்தபோது எழுத்தர்கள் புகுந்து விளையாடினார்கள் என்பதால் காங்சி பேரரசர் ஆட்சியில் மூன்றாக்கினார்கள். வெள்ளியை உறையிலிட்டு, பெயர் எழுதி, அலுவலக வாசலில் இருக்கும் மரப்பெட்டிக்குள் வரி கட்டுபவரே போட வேண்டும். எழுத்தர் கை படக்கூடாது என்பதே நோக்கம். நடைமுறையில், தூரத்துச் சிற்றூர்க்காரன் இரண்டு நாள் நடந்து வந்து வெள்ளி சுத்தமில்லை என்று திருப்பி அனுப்பப்படுவதைவிட, உள்ளூர்ப் பெரிய மனிதரிடமோ எழுத்தரிடமோ கூடுதலாகக் கொடுத்து முடித்துக்கொள்வான். பெட்டி அப்படியே இருக்கும், பணம் வேறு வழியில் வரும்.

மஞ்சளாறு:
வரியில் சறுக்குபவருக்காவது அவகாசம் உண்டு. சீனச் சந்திர நாட்காட்டியின் இரண்டாம் மாதம் வசூல் தொடங்கி நான்காம் மாத முடிவுக்குள் பாதி, உழவுக் காலத்தில் நிறுத்தி, எட்டாம் மாதம் மீண்டும் தொடங்கி ஆண்டு முடிவுக்குள் முழுவதும். பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாகப் பாக்கி இருந்தால்கூடப் பதவி உயர்வு நிற்கும், பாதிக்கு மேல் போனால் பதவியே போகும். ஆனால் ஒரே இரவில் வேலையைக் கவிழ்ப்பது கொலை வழக்கு.

சடலம் கிடைத்ததாக மனு வந்தால் ஜிஷியான் தானே உடனே போக வேண்டும். கூட அழைத்துப் போகலாம் என்று அனுமதிப்பது பிரேதம் பார்ப்பவன் ஒருவன், குற்றவியல் எழுத்தர் ஒருவர், சேவகர் இருவர். எண்ணிக்கையைக் கட்டிப்போட்டதற்குக் காரணம் உண்டு. முப்பது நாற்பது பேராகப் போனால் சாப்பாடு, கூலி, காலணிக் காசு என்று அந்தச் சிற்றூரையே மொட்டை அடித்துவிடுவார்கள். சடலத்தைத் தொட்டுப் பார்ப்பவன் காயத்தின் இடம், நீளம், நிறம் ஆகியவற்றை உரக்கச் சொல்ல, அச்சிட்ட படிவத்தில் அங்கங்கே குறிக்க வேண்டும். நாற்றத்துக்குப் பயந்து தூரத்தில் உட்கார்ந்து அவன் சொன்னதை அப்படியே எழுதவிடும் அதிகாரியின் வழக்கு மேலே போனதும் உடையும். அடிபட்டுச் செத்தவனைத் தூக்குப்போட்டுக் கொண்டவனாக எழுத ஒரு காசு போதும்.

பிறகு கெடு. சாதாரணக் கொலை வழக்குக்கு மொத்தம் ஆறு மாதம்: வட்டத்தில் மூன்று, ஃபூவில் ஒன்று, மாகாண நீதி ஆணையரிடம் ஒன்று, ஆளுநரிடம் ஒன்று. குற்றவாளியையும் கோப்போடு ஒவ்வொரு படிக்கும் அனுப்ப வேண்டும். மேலே போனதும் 'வட்டத்தில் அடித்து வாங்கிய வாக்குமூலம்' என்று அவன் மாற்றிச் சொன்னால் கோப்பு திரும்பி வரும். கொள்ளை என்றால் கெடு நான்கு மாதம்தான், திருடனைப் பிடிக்காவிட்டால் அதற்குத் தனித் தண்டனை. அதனால்தான் பலர் கொள்ளையைத் திருட்டு என்று எழுதினார்கள்.

கீழ்த்திசை:
சில்லறைத் தாவாக்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிலம், கடன், திருமணம் பற்றியவை வட்டத்திலேயே முடியும், 20 நாள் கெடு. மனு வாங்குவது பெரும்பாலும் தேதி 3, 8 என்று முடியும் நாட்களில். நான்காம் மாதம் முதல் ஏழாம் மாதம் முடிய உழவுக் காலம், இவற்றை எடுக்கக் கூடாது. ஆண்டிறுதியில் முத்திரையை ஏறக்குறைய ஒரு மாதம் மூடி வைப்பார்கள். மீதி நாட்களை எண்ணிப் பார்த்தால் ஏன் கோப்பு குவிகிறது என்று தெரியும்.

மூன்றாண்டுக்கு ஒரு முறை வரும் 'பெருங்கணக்கு' மதிப்பீட்டில் நேர்மை, திறமை, நிர்வாகம், வயது என்று நான்கு தலைப்பு. கூடவே எட்டுக் குறைகள்.

பழங்கணக்கு:
ஒரு திருத்தம். சிங் காலத்தில் அது ஆறு குறைகள் ஆகிவிட்டது: கவனமின்மை, சோர்ந்து எதுவும் செய்யாமை, முதுமை, நோய், அவசர புத்தி, திறமைப் போதாமை. பேராசையையும் கொடுமையையும் மதிப்பீட்டுக்குக் காத்திருக்காமல் தனிக் குற்றச்சாட்டாகவே கொண்டுவர வேண்டும் என்று பிரித்துவிட்டார்கள். 'தனிச் சிறப்பு' என்று பரிந்துரைக்க 15 பேருக்கு ஒருவர் என்பது அளவு. அந்த ஒருவர் பெய்ஜிங் போய்ப் பேரரசர் முன் நிற்பார்.

கீழ்த்திசை:
சரி, எட்டு என்பது பழைய எண்ணிக்கை. திருத்தத்துக்கு நன்றி.

மஞ்சளாறு:
நீலவானத்தின் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். ஆளுநரானவர்களில் பலர் இந்த ஏணியின் அடிப்படியில் கால் வைக்கவே இல்லை என்பதுதான் உண்மை. கீழிருந்து வந்தவர்களும் உண்டு. தியான் வென்ஜிங் 1683-இல் ஃபூஜியானின் சாங்லே வட்டத்தில் துணை அதிகாரியாகத் தொடங்கி, யோங்செங் காலத்தில் ஹெனானின் தலைமை ஆளுநராக உயர்ந்தார். ஆனால் சென் ஹோங்மோவைப் பாருங்கள் (1696–1771). குவாங்சியின் லின்குய்யைச் சேர்ந்தவர், 1723-இல் உயர் தேர்வு. முதல் ஆண்டுகள் தலைநகரில், அதுவும் நியமனங்களைக் கவனிக்கும் லீபூவிலேயே. வெளியே வந்தபோது நேராக யாங்சோவின் ஃபூ அதிகாரி. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் 12 மாகாணங்களில் 21 பதவிகள்.

இது ஏன் முக்கியம் என்றால், தண்டனைக் கணக்கு கீழே இருப்பவரிடம்தான் வேகமாக ஏறும். ஒவ்வொரு கெடு தவறலுக்கும் சம்பளப் பிடித்தம், தர இறக்கம். நல்ல வேலைக்கு 'குறிப்பு' கிடைக்கும், நான்கு குறிப்பு சேர்ந்தால் ஒரு தரம். அதை வைத்து இறக்கத்தை ஈடு செய்யலாம், ஆனால் பொது வேலையில் நேர்ந்த தவறுக்கு மட்டும். சொந்த ஆதாயத்துக்குச் செய்ததற்கு ஈடு கிடையாது. தரம் இறங்கி அதே பதவியில் நீடிப்பவர் மூன்று ஆண்டு குற்றமில்லாமல் இருந்தால் பழைய தரம் திரும்பும். மூன்று ஆண்டில் ஒரு கொள்ளைகூட நடக்காத வட்டம் எங்கே இருக்கிறது?

சென்னும் அடி வாங்கியவர்தான், ஆனால் வேறு காரணத்துக்கு. மேலே கீழ்த்திசை சொன்ன ஜின் ஹோங் குவாங்சி ஆளுநரானபோது, புதிதாகத் தரிசு திருத்தியதாக ஏராளமான நிலம் கணக்கில் ஏறியது. பெரும்பகுதி பொய். வரி ஏற்கெனவே உழுதுகொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தது. யுன்னான் நிதி ஆணையராக இருந்த சென், தன் சொந்த மாகாணத்துக்காகத் திரும்பத் திரும்ப எழுதினார். உள்ளூர்க்காரர் சொந்த ஊர் விவகாரத்தில் அரசை நெருக்குவது கெட்ட முன்னுதாரணம் என்று சியான்லோங் பேரரசர் அவரைத் தரம் இறக்கினார். விசாரணையில் சென் சொன்னது சரி என்று தெரிந்தது, பொய் நிலத்தின் வரி தள்ளுபடியானது, ஜின் ஹோங்கும் பதவி இழந்தார். சென் 1738-இல் தியென்ஜின் பகுதி அதிகாரியாக மீண்டும் தொடங்கினார். பின்னாளில் அதே பேரரசர் அவரைக் குவாங்டோங்-குவாங்சியின் தலைமை ஆளுநராக நியமித்தபோது, அவர் ஊர் குவாங்சி என்றாலும் விலக வேண்டியதில்லை என்று ஆணையிட்டார்.

யுன்னானில் 700-க்கு மேற்பட்ட இலவசப் பள்ளிகள், ஷாஆன்சியில் (சியான் நகரம் உள்ள மாகாணம்) 28,000-க்கு மேற்பட்ட கிணறுகள் அவர் கணக்கில் இருக்கின்றன. அந்த அளவு வேலை வட்ட அதிகாரியின் கெடுக்களுக்கு நடுவே சாத்தியமே இல்லை.

நீலவானம்:
பெற்றோர் இறந்தால் பதவியை விட வேண்டும் என்பதும் முன்னேற்றத்தைப் பாதித்திருக்குமே?

கீழ்த்திசை:
27 மாதம், செய்தி கேட்ட நாளிலிருந்து, சந்திர நாட்காட்டியில் இடையே சேர்க்கும் கூடுதல் மாதத்தைக் கணக்கில் சேர்க்காமல். மறைத்தால் பதவி போகும். பின்னாளில் அபினி ஒழிப்பால் பெயர்பெற்ற அதிகாரி லின் சேசூவுக்கு 1824-இல் தாயும் 1827-இல் தந்தையும் இறந்து இரண்டு முறை இடைவெளி விழுந்தது. வட்ட அதிகாரிக்கு இதில் இன்னொரு இடி: எதிர்பாராமல் போக வேண்டியிருப்பதால் ஏடு தயாராக இருக்காது. துக்கத்தில் இருப்பவரும் சார்ஜ் ஒப்படைத்து முடிக்காமல் ஊர் திரும்ப முடியாது.

ஏட்டுச்சுவடி:
ஒப்படைப்புச் சீட்டை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு மாகாணமே சாட்சி. 1774-இல் கான்சுவின் நிதி ஆணையர் வாங் தான்வாங், தானியம் கொடுப்பவர்களுக்குக் கல்விப் பட்டம் என்ற திட்டத்தை மீண்டும் தொடங்கினார். பஞ்சத்துக்கு இருப்பு என்பது காரணம். உண்மையில் வாங்கியது வெள்ளி, ஏட்டில் எழுதியது தானியம். இல்லாத தானியத்தை ஏட்டிலிருந்து எப்படி எடுப்பது? வறட்சி என்று அறிக்கை, நிவாரணமாகக் கொடுத்துவிட்டோம் என்று செலவுத் தூணில் ஒரு பதிவு. எந்த வட்டத்துக்கு எவ்வளவு வறட்சி என்பது மாகாணத் தலைநகரிலேயே முடிவானது.

1777-இல் நீதித்துறை அமைச்சர் யுவான் ஷோதோங் களஞ்சியங்களைப் பார்க்க வந்தார். குச்சி குத்தி அளந்தார்கள். குத்தியவர்களும் அளவைச் சொன்னவர்களும் உள்ளூர் அலுவலக ஆட்கள். சில களஞ்சியங்களில் கீழே பலகை அடித்து, மேலே மட்டும் தானியம் பரப்பியிருந்தது, சிலவற்றில் தவிடும் மண்ணும் கலந்திருந்தது. எல்லாம் சரி என்று அறிக்கை போனது.

1781-இல் கான்சுவில் கலகம். அடக்கப் போன படைத்தலைவர்கள் மழையால் தாமதம் என்று எழுதினார்கள். ஆண்டுதோறும் வறட்சி என்று படித்துவந்த சியான்லோங் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே நேரம், வாங் தான்வாங்குக்கு அடுத்து வந்த நிதி ஆணையர் வாங் திங்சான் படைச் செலவுக்குத் தன் சேமிப்பிலிருந்து 40,000 லியாங் தருவதாக எழுதியிருந்தார். ஒரு நிதி ஆணையருக்கு அவ்வளவு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. 20,000 லியாங்குக்கு மேல் எடுத்தவர்களுக்குத் தலைவெட்டு என்று கோடு போட்டார்கள். மரண தண்டனை பெற்றவர்கள் 56 பேர்.

அந்த ஏழு ஆண்டுகளில் கான்சுவின் வட்டங்களில் ஜிஷியான்கள் மாறிக்கொண்டேதான் இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் நான்கு தூண் ஏடு எழுதியாக வேண்டும், புதியவர் களஞ்சியத்தைத் திறந்து அளந்து உறுதிச் சீட்டு தந்தாக வேண்டும். பலகையை யாரும் தட்டிப் பார்க்கவில்லை, அல்லது தட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.